எரித்ரோமைசின் வந்ததை பாக்டீரியாவுக்குச் சொல்வது யார்? (பாதியில் நிற்கும் ரைபோசோம்கள் பற்றி)

அகார்தட்டு:
மருத்துவமனை மைக்ரோபயாலஜி லேபில் வேலை செய்கிறேன். ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் டி-டெஸ்ட் போடுவோம், இங்கே பலருக்கும் பழக்கமானதுதான்: 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க், அதிலிருந்து 15 முதல் 26 மில்லிமீட்டர் தள்ளி 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் டிஸ்க். மறுநாள் சில தட்டுகளில் கிளிண்டாமைசினைச் சுற்றியுள்ள வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, 'டி' என்ற ஆங்கில எழுத்து மாதிரி இருக்கும். அப்படி வந்தால் கிளிண்டாமைசின் ரெசிஸ்டன்ட் என்று ரிப்போர்ட் போய்விடும். இதுவரை புரிகிறது.

புரியாதது இதுதான். 'தூண்டப்படும் எதிர்ப்பு' என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எரித்ரோமைசின்தான் தூண்டுகிறது என்றால் அது வந்திருப்பதை உணர்வது எது? லாக்டோஸை உடைக்கும் மரபணுத் தொகுப்பான லாக் ஓபரானில், லாக்டோஸிலிருந்து வரும் அல்லோலாக்டோஸைப் பிடிக்க ஒரு ரெப்ரசர் (மரபணுவை அடைத்து வைக்கும் புரதம்) இருக்கிறது. இங்கே எரித்ரோமைசினைப் பிடிக்கும் ரெப்ரசர் என்று எதையும் நான் படித்ததில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

50எஸ்:
அக்கா, அப்படி ஒரு ரெப்ரசர் கிடையாது. உணர்வது ரைபோசோமேதான், அதாவது மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டும் இயந்திரமே. மருந்து போய் ஒட்டும் இடமே மருந்து வந்த செய்தியையும் சொல்கிறது.

எர்ம்-சி மரபணுவை எடுத்துக்கொள்வோம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் ஒரு சிறிய பிளாஸ்மிடில் இருந்து நன்றாக ஆராயப்பட்டது இது. எர்ம்-சி புரதம் ஒரு மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ். ரைபோசோமின் பெரிய பாதியான 50எஸ்ஸில் உள்ள 23எஸ் ஆர்ஆர்என்ஏவில் 2058ஆம் இடத்தில் உள்ள அடினின் மீது மெத்தில் தொகுதிகளை ஏற்றிவிடும், அதன் பிறகு எரித்ரோமைசின் அங்கே உட்கார முடியாது. கிளிண்டாமைசினும் ஸ்ட்ரெப்டோகிராமின் பி வகையும் அதே இடத்தை நம்பியிருப்பதால் மூன்றும் ஒரே அடியில் போய்விடும். உங்கள் தட்டில் தெரிவது அதுதான்.

இனி தூண்டுதல். எர்ம்-சியின் எம்ஆர்என்ஏ எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த எம்ஆர்என்ஏ தன் மேலேயே மடிந்து, எர்ம்-சிக்கான ரைபோசோம் ஏறும் இடத்தை ஒரு கொண்டை ஊசி மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறது, அதனால் புரதம் உருவாவதில்லை. அதற்கு முன்னால் 19 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டி லீடர் பெப்டைடுக்கான வரிசை இருக்கிறது. மருந்து இல்லாதபோது ரைபோசோம் இந்தக் குட்டியைப் படித்து முடித்து இறங்கிவிடும், மடிப்பு அப்படியே இருக்கும்.

எரித்ரோமைசின் ஏறிய ரைபோசோம் அதே வரிசையைப் படிக்கும்போது 9ஆம் கோடானில் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து), ஐசோலூசினைச் சேர்த்தவுடன், நின்றுவிடுகிறது. எங்கே வேண்டுமானாலும் நிற்பதில்லை, அங்கேதான் நிற்கிறது. ஐசோலூசின், ஃபீனைல்அலனின், வாலின், ஐசோலூசின் என்று 6 முதல் 9 வரை உள்ள நான்கும், புதிய பெப்டைடு ரைபோசோமிலிருந்து வெளியேறும் சுரங்கத்துக்குள், மருந்தோடு சேர்ந்து ஒரு பூட்டு மாதிரி அமைகின்றன, அடுத்த பெப்டைடு பிணைப்பு உருவாக மறுக்கிறது. எம்ஆர்என்ஏவின் அந்த மடிப்பில் நான்கு துண்டுகள், வழக்கமாக 1ம் 2ம், 3ம் 4ம் ஜோடி சேர்ந்திருக்கும். நின்ற ரைபோசோம் முதல் துண்டை மூடிக்கொள்வதால் இரண்டாம் துண்டு ஜோடி இல்லாமல் போய் மூன்றாவதைப் பிடித்துக்கொள்கிறது, நான்காவது விடுபடுகிறது. எர்ம்-சியின் ரைபோசோம் ஏறும் இடம் அந்த நான்காவதில்தான் இருக்கிறது. அவ்வளவுதான், எதிர்ப்பு ஆரம்பமாகிவிட்டது.

1980லேயே வைஸ்ப்ளம் குழுவும் டப்னாவ் குழுவும் தனித்தனியாக இந்த மாதிரியை முன்வைத்தார்கள். மருந்தும் பெப்டைடும் சேர்ந்து ரைபோசோமை எப்படி நிறுத்துகின்றன என்பதை 2008இல் வாஸ்கெஸ்-லாஸ்லோப், மான்கின் இருவரும் சிகாகோவில் விரிவாகக் காட்டினார்கள். இத்தனை வருடமாகியும் நம் பாடங்களில் ஒரே வரி என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் மரபணு ஒழுங்குமுறையில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

சந்தேகப்பேர்வழி:
ஒன்று இடிக்கிறது. எரித்ரோமைசின் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து. செல்லில் உள்ள ரைபோசோம்கள் நின்றுபோன பிறகு, மடிப்பு திறந்து என்ன பயன்? எர்ம்-சி என்பதும் புரதம்தானே, அதை யார் செய்வது? கதை அழகாக இருக்கிறது என்பதற்காக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

50எஸ்:
நியாயமான கேள்வி. முதல் விஷயம் அளவு. மருந்து ஒரே நொடியில் எல்லா ரைபோசோமையும் பிடித்துவிடுவதில்லை. அக்காவின் தட்டையே பாருங்கள், டிஸ்கிலிருந்து தள்ளிப் போகப் போக மருந்தின் செறிவு குறைகிறது. குறைந்த செறிவில் சில ரைபோசோம்களில் மருந்து இருக்கும், பலவற்றில் இருக்காது. லீடரில் ஒன்று மருந்தோடு நின்றால் போதும், அதே எம்ஆர்என்ஏவில் கீழே திறந்த இடத்தில் மருந்து ஏறாத இன்னொன்று ஏறி எர்ம்-சியைச் செய்துவிடும்.

அடுத்தது, 'எரித்ரோமைசின் எல்லாப் புரதத்தையும் நிறுத்துகிறது' என்பதே முழு உண்மையில்லை. அது சுரங்கத்தின் வாய்ப்பகுதியில் உட்கார்கிறது, ஆனால் சுரங்கத்தை முழுக்க அடைப்பதில்லை. சில பெப்டைடுகள் அதன் ஓரமாக நுழைந்து போய்விடுகின்றன, சில போக முடிவதில்லை, அது வரிசையைப் பொறுத்தது. 2012இல் மான்கின் குழு இதைக் காட்டியது.

இன்னொன்றும் உண்டு. எர்ம் புரதங்களால் முழுதாகக் கட்டி முடிந்த 50எஸ்ஸில் மெத்திலை ஏற்ற முடியாது, 2058 அங்கே உள்ளே புதைந்திருக்கும். கட்டப்பட்டுக் கொண்டிருக்கும் ரைபோசோமில்தான் ஏற்ற முடியும். ஆகவே ஏற்கெனவே கட்டி முடிந்த பழையவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, புதிதாக வருபவைதான் தப்பிக்கின்றன. அப்படிப் புதியவை கூடக் கூட, லீடரில் மருந்தோடு நிற்க ஆளில்லாமல் போகும், மடிப்பு மறுபடி மூடிக்கொள்ளும்.

சந்தேகப்பேர்வழி:
சரி, செறிவு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? எர்ம்-சியை எப்போதும் செய்து வைத்திருந்தால் ஆபத்தே இல்லையே.

50எஸ்:
விலை இருக்கிறது. மெத்தில் ஏறிய ரைபோசோம் எல்லாப் புரதங்களையும் பழைய விகிதத்தில் செய்வதில்லை, சிலவற்றில் சறுக்குகிறது. மெத்தில் ஏறிய செல்களையும் ஏறாதவற்றையும் மருந்தில்லாத சூழலில் ஒன்றாக வளர்த்தால் ஏறாதவை முந்திவிடுகின்றன என்று 2013இல் வெளியானது. எர்ம் மரபணுக்கள் ஏன் பெரும்பாலும் தூண்டப்படும் வகையாக இருக்கின்றன என்பதற்கு இதுவரை வந்ததில் நல்ல விளக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அகார்தட்டு:
இதை இப்போதுதான் தெளிவாகப் பார்க்கிறேன். அப்புறம் இரண்டு கேள்வி. கிளிண்டாமைசினும் ரைபோசோமில்தான் உட்காருகிறது, அது ஏன் தூண்டுவதில்லை? தூண்டினால் தனி டிஸ்கிலேயே ரெசிஸ்டன்ட் என்று காட்டிவிடுமே, எங்களுக்கு இந்த டெஸ்டே தேவைப்படாது. மற்றது, எரித்ரோமைசின் ரெசிஸ்டன்டாக இருந்தும் 'டி' வராத ஐசொலேட்டுகள் (நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாக்கள்) அடிக்கடி வருகின்றனவே, அவை என்ன?

50எஸ்:
கிளிண்டாமைசின் உட்காருவது பெப்டைடு பிணைப்பு உருவாகும் மையத்திலேயே. அது சங்கிலியை ஆரம்பத்திலேயே தடுத்துவிடும். எர்ம்-சி லீடரில் ரைபோசோம் 9 வரை போய் அங்கே நிற்க வேண்டும், தொடக்கத்திலேயே நின்றால் சரியான துண்டு மூடப்படாது, மடிப்பும் திறக்காது. எரித்ரோமைசின் சேர்ந்த மேக்ரோலைடு குடும்பத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு: எரித்ரோமைசினில் உள்ள கிளாடினோஸ் என்ற சர்க்கரை இந்த நிறுத்தத்துக்கு அவசியம், அந்தச் சர்க்கரை இல்லாத கீட்டோலைடுகள் எர்ம்-சி லீடரில் ரைபோசோமை இப்படி நிறுத்துவதில்லை.

'டி' வராதவற்றில் பெரும்பாலும் எம்எஸ்ஆர்-ஏ என்ற வேறொரு எதிர்ப்பு மரபணு இருக்கும். அது எரித்ரோமைசினிடமிருந்து ரைபோசோமைக் காக்கும், கிளிண்டாமைசினைத் தொடாது. அதனால்தான் அந்த நோயாளிக்குக் கிளிண்டாமைசின் கொடுக்கலாம், 'டி' வந்தவருக்கு வேண்டாம் என்கிறோம். தூண்டப்படும் வகையில் லீடர் பகுதி கொஞ்சம் அழிந்தாலோ மாறினாலோ மடிப்பு நிரந்தரமாகத் திறந்துவிடும், அந்தச் செல் எப்போதும் எதிர்ப்போடு இருக்கும். கிளிண்டாமைசின் சிகிச்சை நடக்கும்போது அப்படிப்பட்ட மியூட்டன்ட்கள்தான் தேர்ந்தெடுக்கப்பட்டு மேலே வரும். நீங்கள் எழுதும் அந்த ஒற்றை வரி ரிப்போர்ட் ஒருவருடைய சிகிச்சை நடுவழியில் தோற்காமல் காக்கிறது அக்கா.

இரண்டாம்_ஆண்டு:
எம்எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிறேன். நான்கு துண்டு, ஒன்று மூடினால் இரண்டும் மூன்றும் சேரும் என்பதெல்லாம் எங்களுக்கு டிரிப்டோபான் ஓபரானில் வந்த அட்டென்யூவேஷன் (தொடங்கிய எம்ஆர்என்ஏவைப் பாதியில் நிறுத்தும் கட்டுப்பாடு) மாதிரியே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? அப்படியென்றால் பாடத்தில் இது இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வைகைக்கரை:
கல்லூரியில் இதைப் பல வருடமாக நடத்துகிறேன், அதனால் நான் சொல்கிறேன் தம்பி.

மடிப்புக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், விளைவு வேறு. ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யானோஃப்ஸ்கி ஈ. கோலையில் டிரிப்டோபானைச் செய்யும் டிரிப் ஓபரானை ஆராய்ந்தபோது, ரெப்ரசரே இல்லாத செல்லில்கூட டிரிப்டோபான் குறைந்தால் வெளிப்பாடு மேலும் ஏறுவதைக் கண்டார். அப்படியானால் ரெப்ரசர் தவிர இன்னொரு கட்டுப்பாடு இருந்தாக வேண்டும். ஓபரானின் தொடக்கத்தில் ஒரு பகுதி நீங்கிய செல்களில் வெளிப்பாடு கூடியது, ஆக அந்தப் பகுதியில்தான் தடை இருக்கிறது. தேடிப் போனால் அங்கே 14 அமினோ அமில லீடர் பெப்டைடு ஒன்று, அதில் 10ஆவதும் 11ஆவதும் டிரிப்டோபான். புரதங்களில் மிக அரிதாக வரும் அமினோ அமிலம் இந்தக் குட்டியில் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது.

டிரிப்டோபான் தட்டுப்பாடு என்றால் அதைச் சுமக்கும் டி-ஆர்என்ஏ கிடைக்காது, ரைபோசோம் அந்த இரண்டு கோடான்களில் காத்து நிற்கும், முதல் துண்டு மூடப்படும், 2ம் 3ம் சேரும், முன்னால் போகும், எம்ஆர்என்ஏவை எழுதும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் தடையின்றி ஐந்து மரபணுக்களையும் எழுதும். டிரிப்டோபான் தாராளமாக இருந்தால் ரைபோசோம் நிறுத்தக் கோடான் வரை ஓடி 2ஆம் துண்டை மறைக்கும், 3ம் 4ம் சேர்ந்து டெர்மினேட்டர் (எழுத்தை நிறுத்தும் மடிப்பு) ஆகும், சுமார் 140 நியூக்ளியோடைடில் எழுத்து முடிந்துவிடும். மாணவர்கள் விட்டுவிடும் ஒரு நுணுக்கம்: 1ம் 2ம் சேர்ந்த மடிப்பு உருவானவுடன் ஆர்என்ஏ பாலிமரேஸும் கொஞ்சம் நிற்கிறது, ரைபோசோம் ஏறி வரும் வரை. அந்தக் காத்திருப்பு இல்லையென்றால் இரண்டும் ஒத்துப் போகாது, இந்த ஏற்பாடே நடக்காது.

ரெப்ரசர் சுமார் 70 மடங்கு, அட்டென்யூவேஷன் சுமார் 8 முதல் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 600, 700 மடங்கு வரை வித்தியாசம். ஹிஸ்டிடின் ஓபரானின் லீடரில் வரிசையாக 7 ஹிஸ்டிடின், அங்கே ரெப்ரசரே இல்லை, இது ஒன்றுதான் பிடி.

எர்ம்-சியில் எம்ஆர்என்ஏ ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, திறப்பதும் மூடுவதும் மொழிபெயர்ப்பின் கதவு. டிரிப்பில் எழுதுவதா நிறுத்துவதா என்பதே முடிவாகிறது.

50எஸ்:
சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், என் பார்வையில் இந்த இழையிலேயே முக்கியமானது அது.

டிரிப்பில் ரைபோசோம் நிற்பது பற்றாக்குறையால். பொருள் வரவில்லை, நிற்கிறது. உள்ளே செய்துகொண்டிருக்கும் பெப்டைடுக்கு அதில் பங்கில்லை. எர்ம்-சியில் பற்றாக்குறையே இல்லை, அடுத்த அமினோ அமிலம் வாசலில் வந்து காத்திருக்கிறது, இருந்தும் நிற்கிறது. நிறுத்துவது அப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் பெப்டைடு. தான் உருவாகும் இயந்திரத்தையே உள்ளிருந்து அது நிறுத்துகிறது. இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்துப் படித்தால் இரண்டாவதில் உள்ள ஆச்சரியம் காணாமல் போய்விடும். நம் பாடத்திட்டம் முதலாவதோடு 1970களிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது வகையில் மருந்து இல்லாமலும் நடக்கும். செக்-எம் என்று ஈ. கோலையில் ஒரு புரதம், 170 அமினோ அமிலம். அதன் முடிவுக்கு அருகில் 150 முதல் 166 வரை ஒரு வரிசை இருக்கிறது, 165ஆம் கிளைசினைச் சேர்த்தபின், 166ஆம் புரோலினைச் சுமந்த டி-ஆர்என்ஏ, அடுத்த அமினோ அமிலம் வந்து சேரும் இடமான ஏ-தளத்தில் வந்து உட்கார்ந்த நிலையிலேயே ரைபோசோம் உறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டாம், அந்த வரிசையே போதும். கியோட்டோவில் நாகடோகவாவும் இட்டோவும் 2002இல் இதை வெளியிட்டார்கள். எந்த ரைபோசோம் மாற்றங்கள் இந்த நிறுத்தத்தைத் தளர்த்துகின்றன என்று அவர்கள் தேடியபோது கிடைத்தவை எல்லாம் சுரங்கத்தின் சுவரில் இருந்தன: எல்22 புரதம், 23எஸ்ஸில் 750ஐ ஒட்டிய இடம், அப்புறம் 2058. ஆம், எர்ம்-சி மெத்தில் ஏற்றும் அதே அடினின்.

சுரங்கம் என்பது 80 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் நீளம், அகலம் 10இலிருந்து 20 ஆங்ஸ்ட்ராம், நடுவில் எல்4, எல்22 இரண்டும் நெருக்கும் ஒரு இடுக்கு. 30, 40 அமினோ அமிலங்கள் உள்ளே இருக்கலாம். ரொம்ப நாளாக இதை எதுவும் ஒட்டாத வெறும் குழாய் என்றே நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை மாற்றியதில் செக்-எம்முக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாம்_ஆண்டு:
அண்ணா, செக்-எம் எதற்காக நிற்கிறது? நின்றே இருந்தால் அந்த ரைபோசோம் வீண்தானே?

50எஸ்:
நின்றே இருப்பதில்லை, அதுதான் விஷயம். செக்-எம்முக்கு அடுத்து அதே எம்ஆர்என்ஏவில் இருப்பது செக்-ஏ. செக்-ஏ என்பது புரதங்களை உள்சவ்வைத் தாண்டி வெளியே தள்ளும் மோட்டார். செக்-ஏவின் தொடக்கமும் ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது, செக்-எம்மில் நிற்கும் ரைபோசோம் அந்த மடிப்பைக் குலைத்து வைத்திருக்கும். செக்-எம்மின் முன்பகுதியில் 'என்னை வெளியே அனுப்பு' என்ற சிக்னல் வரிசை உண்டு. வெளியேற்றம் நன்றாக நடந்தால் செக்-ஏ வந்து அந்த முன்பகுதியைப் பிடித்து இழுக்கும், கிணற்றில் சிக்கிய கயிறு மேலே இருந்து சுண்டி இழுத்ததும் விடுபடுவது மாதிரி உள்ளே இருந்த பூட்டு கழன்றுவிடும், ரைபோசோம் முடித்துவிட்டுப் போகும், மடிப்பு திரும்பி மூடும், செக்-ஏ குறைவாகவே உருவாகும். வெளியேற்றம் மந்தமானால் இழுக்க ஆளில்லை, நிறுத்தம் நீளும், மடிப்பு திறந்தே இருக்கும், செக்-ஏ கூடும்.

அதாவது செல் இங்கே அளப்பது ஒரு பொருளின் செறிவை அல்ல, இழுவிசையை. 2015இல் ஆப்டிகல் ட்வீசரால் (ஒளிக்கற்றையால் பிடித்து இழுக்கும் கருவி) பெப்டைடை நேரடியாக இழுத்தே நிறுத்தம் விடுபடுவதைக் காட்டிவிட்டார்கள். வெளியே போன செக்-எம்முக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இரு சவ்வுகளுக்கும் இடையிலான பெரிபிளாசத்தில் உடனே சிதைக்கப்படுகிறது. நிற்பதற்காகவே செய்யப்படும் புரதம். எனக்கு இதைப் படித்த அன்றைக்கு மரபணு என்பதைப் பற்றிய எண்ணமே விரிந்தது.

சந்தேகப்பேர்வழி:
விசை விஷயம் நன்றாக இருக்கிறது. ஆனால் நின்ற ரைபோசோமை மீட்க டிஎம்-ஆர்என்ஏ இருக்கிறதே. அது வந்து பெப்டைடில் வால் ஒட்டி அழித்துவிடாதா?

50எஸ்:
டிஎம்-ஆர்என்ஏ முக்கியமாக வருவது எம்ஆர்என்ஏ அறுந்து, படிக்க ஒன்றுமில்லாமல், ஏ-தளம் காலியாக நிற்கும் ரைபோசோமுக்கு. செக்-எம்மில் ஏ-தளத்தில் புரோலின் டி-ஆர்என்ஏ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, எம்ஆர்என்ஏவும் தொடர்கிறது. நுழைய இடமில்லை.

வைகைக்கரை:
யானோஃப்ஸ்கி பேச்சு வந்ததால் ட்னா-சியைச் சொல்லாமல் விட முடியாது, அதுவும் அவர் ஆய்வகத்தில் விரிந்ததுதான். நம் மாணவர்கள் எல்லோரும் இண்டோல் டெஸ்ட் போட்டிருப்பார்கள்: டிரிப்டோன் பிராத்தில் ஈ. கோலையை வளர்த்து கோவாக்ஸ் ரீஏஜென்ட் விட்டால் மேலே சிவப்பு வளையம். டிரிப்டோபானேஸ் என்ற நொதி டிரிப்டோபானை இண்டோலாக உடைப்பதால் வருவது. அந்த நொதியை இயக்குவது ட்னா-சி என்ற 24 அமினோ அமில லீடர்.

இங்கே டிரிப்டோபான் அதிகமாக இருந்தால் ரைபோசோம் நிற்கிறது, டிரிப்புக்கு நேர் எதிர். செல்லில் மிதக்கும் டிரிப்டோபான், டி-ஆர்என்ஏவில் ஏறாதது, சுரங்கத்துக்குள் வந்து 12ஆம் இடத்தில் டிரிப்டோபான் உள்ள ட்னா-சியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ரைபோசோம் கடைசியில் புரோலினைச் சேர்த்து நிறுத்தக் கோடானுக்கு வந்துவிட்டது, ஆனால் ரிலீஸ் ஃபேக்டர் 2ஆல் பெப்டைடை வெட்டி விட முடிவதில்லை. அங்கேயே நிற்கிறது. ரோ என்ற டெர்மினேஷன் புரதம் எம்ஆர்என்ஏவில் ஏற வேண்டிய இடத்தை ரைபோசோம் மறைத்துக்கொள்வதால் எழுத்து தொடர்கிறது, டிரிப்டோபானேஸ் உருவாகிறது. 2002இல் கோங், யானோஃப்ஸ்கி இருவரும் எழுதினார்கள், பின்னால் கிரையோ-எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் சுரங்கத்துக்குள் டிரிப்டோபான் மூலக்கூறுகளே தெரிந்தன.

ஒரே அமினோ அமிலம். குறைந்தால் ஒரு லீடரில் நின்று அதைச் செய்யும் மரபணுக்கள் திறக்கின்றன, கூடினால் வேறொரு லீடரில் நின்று அதை உடைக்கும் மரபணுக்கள் திறக்கின்றன. அடுத்த பருவத்தில் இண்டோல் டெஸ்ட் நடத்தும்போதே இதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

அகார்தட்டு:
குளுகோஸ் உள்ள மீடியாவில் இண்டோல் சரியாக வராது என்பார்களே சார், அதுவும் இதனாலா?

வைகைக்கரை:
இல்லை அம்மா, அது வேறு அடுக்கு. குளுகோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி குறைந்து, ஓபரானின் எழுத்து தொடங்குவதே குறையும். ட்னா-சி வேலை தொடங்கிய பிறகு.

சந்தேகப்பேர்வழி:
எல்லாம் ஈ. கோலை அல்லது ஒரு பிளாஸ்மிட். 'பாக்டீரியா இப்படிச் செய்கிறது' என்று பொதுவாகச் சொல்லலாமா? பேசில்லஸ் சப்டிலிஸில் டிரிப் ஓபரானுக்கு இந்த ஏற்பாடே கிடையாது, டிராப் என்ற 11 அலகு வளையப் புரதம்தான் எம்ஆர்என்ஏவைப் பிடித்துச் சுற்றுகிறது.

50எஸ்:
சரியாகப் பிடித்தீர்கள், இதற்குக் காரணமும் ஓரளவு தெரியும். ஈ. கோலையில் ஆர்என்ஏ பாலிமரேஸின் பின்னாலேயே ரைபோசோம் ஒட்டி ஓடுகிறது, அதனால் ரைபோசோம் நிற்பதை வைத்து எழுத்தைக் கட்டுப்படுத்த முடியும். பேசில்லஸ் சப்டிலிஸில் பாலிமரேஸ் வேகமாக முன்னால் ஓடிவிடுகிறது, ரைபோசோம் வெகுதூரம் பின்தங்குகிறது என்று 2020இல் தெரிந்தது. டெர்மினேட்டர் உருவாகும் நேரத்தில் பக்கத்தில் ரைபோசோமே இல்லையென்றால் டிரிப் வகை அட்டென்யூவேஷன் எப்படி நடக்கும்? அங்கே டிராப் போன்ற புரதங்களும் ரைபோஸ்விட்சுகளும் (ஒரு மூலக்கூறைத் தானே பிடித்து மடிப்பு மாறும் ஆர்என்ஏ பகுதிகள்) அதிகம் இருப்பது இதனோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் மொழிபெயர்ப்பைத் திறக்கும் வகைக்கு அந்தத் தடை இல்லை, எம்ஆர்என்ஏ ஏற்கெனவே இருக்கிறதே. பேசில்லஸில் மிஃப்-எம் என்று ஒன்று உண்டு, ஷினோபு சிபா 2009இல் காட்டியது. சவ்வுக்குள் புரதங்களைச் செருகும் வேலை தளர்ந்தால் மிஃப்-எம்மில் ரைபோசோம் நிற்கும், மாற்றுச் செருகியான யிட்-சி2 உருவாகும். மிஃப்-எம் பேசில்லஸ் ரைபோசோமை நிறுத்தும், ஈ. கோலை ரைபோசோமை நிறுத்தாது. பூட்டும் சாவியும் இனத்துக்கு இனம் மாறியிருக்கின்றன. கடலில் வாழும் விப்ரியோ ஆல்ஜினோலிடிகஸில் வெம்-பி என்று இன்னொன்று: சோடியம் குறைந்தால் சோடியத்தில் ஓடும் வெளியேற்ற இயந்திரம் தளர்கிறது, வெம்-பியில் நிறுத்தம் நீள்கிறது, புரோட்டானில் ஓடும் மாற்று இயந்திரம் தயாராகிறது.

செக்-எம், மிஃப்-எம், வெம்-பி மூன்றின் நிறுத்த வரிசைகளுக்குள் ஒற்றுமையே இல்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாகத் தெரியவில்லை, தனித்தனியாக உருவாகி ஒரே தந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே 'எல்லா பாக்டீரியாவும் இப்படித்தான்' என்று சொல்ல வேண்டாம், 'பல பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்ப இங்கே வந்து சேர்கின்றன' என்று சொல்லலாம். வரிசை ஒற்றுமையை வைத்துத் தேட முடியாததால், கண்ணில் படாதவை இன்னும் நிறைய இருக்கும் என்றே நம்புகிறேன்.

இரண்டாம்_ஆண்டு:
சுரங்கத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் நோபல் வேலையால்தானே அண்ணா?

50எஸ்:
2009 நோபல் மூவருக்கு. ராமகிருஷ்ணன் குழு அமைப்பைக் கண்டது ரைபோசோமின் சிறிய பாதியான 30எஸ், எம்ஆர்என்ஏவைச் சரியாகப் படிக்கும் பகுதி. சுரங்கம் 50எஸ்ஸில் இருக்கிறது, அதன் அணு அளவிலான அமைப்பு 2000இல் ஸ்டைட்ஸ் குழுவிடமிருந்தும் அடுத்து அடா யோனத் குழுவிடமிருந்தும் வந்தது. எரித்ரோமைசின் எங்கே உட்காருகிறது என்பதை யோனத் குழுவின் படங்களில் பார்க்கலாம். மூன்று பேர் வேலையும் இல்லாமல் இந்தத் துறை இன்றைக்கு இருக்கும் இடத்தில் இருக்காது.

இரண்டாம்_ஆண்டு:
கடைசியாக ஒன்று. புராஜெக்டுக்கு இதை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் துறையில் கிரையோ எல்லாம் இல்லை. சாதாரண வசதியில் ரைபோசோம் நின்றதை எப்படிக் காட்டுவது?

50எஸ்:
தாராளமாக எடுக்கலாம். மூன்று வழி சொல்கிறேன், வசதிக்கேற்ப.

எளிமையானது ஜெல். நின்ற ரைபோசோமில் பெப்டைடு இன்னும் டி-ஆர்என்ஏவோடு ஒட்டியே இருக்கும், அதனால் வெஸ்டர்ன் பிளாட்டில் எதிர்பார்த்த எடையைவிட 15 முதல் 20 கிலோடால்டன் மேலே ஒரு பட்டை தெரியும். அதே சாம்பிளில் ஆர்என்ஏஸ் போட்டு ஓட்டினால் பட்டை கீழே இறங்கிவிடும், அந்த இறக்கம்தான் சான்று. ஆனால் அந்த எஸ்டர் பிணைப்பு காரத்தில் உடையும். வழக்கமான லெம்லி ஜெல் கார பிஎச்சில் ஓடுவதால் பட்டை மங்கலாம், நடுநிலை பிஎச் உள்ள பிஸ்-டிரிஸ் ஜெல் நல்லது. சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க விடாதே, மிதமான சூட்டோடு நிறுத்து. நிறைய பேருக்குப் பட்டை வராமல் போவது இந்த இரண்டு காரணத்தால்தான்.

அடுத்தது டோபிரின்டிங். எம்ஆர்என்ஏவின் பின்முனையில் பிரைமர் ஒட்டி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் ஓட்டினால், அது ரைபோசோமின் விளிம்பில் முட்டி நிற்கும், எந்தக் கோடானில் ரைபோசோம் நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியும். இதற்குச் செல்லில்லா மொழிபெயர்ப்பு கிட் வேண்டும், விலை கொஞ்சம் அதிகம்.

இரண்டுமே கடினம் என்றால், லீடரையும் அதன் கீழே எர்ம்-சியின் முதல் சில கோடான்களையும், நீல நிறம் தரும் நொதிக்கான லாக்-இசட் மரபணுவோடு இணைத்த பிளாஸ்மிட் ஒன்றை எடு. எரித்ரோமைசினைக் குறைந்த செறிவில் பல படிகளாகக் கொடுத்து நீல நிறத்தை அள. கூடவே 9ஆம் ஐசோலூசினை அலனினாக மாற்றிய லீடரையும் வை, அதில் தூண்டுதல் போக வேண்டும். அந்த மியூட்டன்ட் இல்லாமல் முதல் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள், வழிகாட்டி கேட்பதற்கு முன்பே அதைத் தயார் செய்துவிடு. லேபில் ஈ. கோலை மட்டும்தான் என்றால் வெளிச்சவ்வு எரித்ரோமைசினை எளிதில் உள்ளே விடாது, வெளியே தள்ளும் பம்பும் உண்டு, ஆகவே அந்தப் பம்பின் பகுதியான டோல்-சி நீக்கிய ஸ்ட்ரெய்ன் யாரிடமாவது கிடைக்குமா என்று முதலில் கேள்.